தெரியாதவர் கேட்கும் கேள்வி

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் வீதியில் குருவிட்ட வரும். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில், சனிக்கிழமை எழுத்தாளர் ஒருவர் வருகிறார், தரம் 10, 11 பிள்ளைகளுக்கு எழுத்துப் பட்டறை என்று அதிபர் அறிவிக்கிறார் என வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, திகதி போட்டு, தலைப்புக்கு இடம் விட்டு வைப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் நடக்கும் கருத்தரங்குகளில் அதுதான் பழக்கம். வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம், போகும்போது மாதிரி வினாத்தாள் ஒன்று கையில் கிடைக்கும். எழுத்தாளர் வந்தால் கதை எழுதுவதற்கான குறிப்புகள் கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைப்பதில் தவறில்லை.

ஆனால் பட்டறை முடியும்போது அந்தக் கொப்பியில் குறிப்பு என்று ஒரு வரிகூட இருக்காது. அப்படியானால் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து என்னதான் நடக்கிறது? தேத்தண்ணி ஊற்றியாயிற்று, ஆறுதலாகவே பார்ப்போம்.

முதலில் வகுப்பறைக்குள் போவோம். இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் இல்லாமல் இருந்தால் நல்லது. எழுதியதை எல்லோரும் வாசித்துக் காட்ட நேரம் வேண்டுமே. கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். வந்தவர் தன் நூல்களைப் பற்றி நீளமாகப் பேசமாட்டார். பேசத் தொடங்கினால் அது பாராட்டு விழாவாகிவிடும். ஒரு பக்கக் கதை ஒன்றையோ சின்னக் கவிதை ஒன்றையோ வாசிப்பார். பிறகு ஒரு கேள்வி கொடுத்து, பத்து நிமிடம் எழுதச் சொல்வார். எழுதியதை ஒவ்வொருவராக வாசிப்பார்கள். கேட்டவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததையும் விளங்காததையும் சொல்வார்கள். கடைசியில் அதே பக்கத்தை எல்லோரும் திரும்ப எழுதுவார்கள். வாசிப்பது, எழுதுவது, வாசித்துக் காட்டுவது, கேள்வி கேட்பது, திருப்பி எழுதுவது என ஐந்து படிகள். இவ்வளவுதான் பட்டறை.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையில் வளர்ந்தவர்கள் சேர்ந்து அமர்ந்து ஒருவர் எழுத்தை ஒருவர் அலசினார்கள். பாடசாலைப் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கம் போய்ச் சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. நியூயோர்க்கில் 1967இல் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கி, கவிஞர்களையும் கதைக்காரர்களையும் வகுப்பறைகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்திலேயே கென்னத் கோக் என்ற கவிஞர் அந்த நகரத்தின் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குப் போய், சின்னப் பிள்ளைகளோடு கவிதை எழுதினார். அந்த அனுபவத்தை 1970இல் நூலாகவும் கொண்டுவந்தார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கவிதை எழுதுங்கள் என்று வெறுமனே சொல்லியிருந்தால் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோக் ஒரு விதி போட்டார். ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் 'எனக்கு ஆசை' என்ற பொருளில் தொடங்க வேண்டும். வரிக்குள் ஒரு நிறம், ஒரு படக்கதைப் பாத்திரம், ஒரு நகரமோ நாடோ வந்தாக வேண்டும். எல்லா வரிகளும் சேர்ந்தால் வகுப்பின் கவிதை. நிறத்தையும் நகரத்தையும் தேடுவதில் மும்முரமான பிள்ளைக்கு, கவிதை எழுதுகிறோமே என்ற பயத்துக்கு நேரமில்லை. எழுதி முடித்த பிறகுதான் அது கவிதை என்று தெரியவரும்.

ஆகவே வருகிறவரின் தொழில் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது. தாயன்பு பற்றி எழுதுக என்று கேட்டால் இருபத்தைந்து கொப்பியிலும் ஒரே கட்டுரைதான் வரும். றப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதன் காரணம் சுலபமாக விளங்கும். பால் வெட்டுகிறவர் மரத்துக்குள் பால் இருக்கிறதே என்று கத்தியை ஆழமாக இறக்குவதில்லை. அப்படி இறக்கினால் மரம் காயப்படும், பட்டையும் பிறகு ஒழுங்காக வளராது. அவர் பட்டையை ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குச் சாய்வாகச் சீவிவிட்டு விலகி நிற்கிறார். பால் அந்தச் சாய்வு வழியே தானாக இறங்கிச் சிரட்டைக்கு வருகிறது. நல்ல கேள்வியும் இப்படி மேலோட்டமாக, சற்றே சாய்வாக இருக்கும். காலையில் வீட்டைவிட்டுப் போகுமுன் அம்மா கடைசியாகக் கையில் எடுக்கும் பொருள் எது? இதற்கு மனப்பாடமான பதில் யாரிடமும் இல்லை. அன்பு என்ற சொல்லைக் கேள்வி தொடவே இல்லை. ஆனாலும் வருகிற பதில் அன்பைப் பற்றியதாகவே இருக்கும்.

அடுத்தது அந்தப் பத்து நிமிடம். ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1960களில் பி.பி.சி. வானொலியின் பாடசாலை நிகழ்ச்சிகளில் எழுதுவதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுகள் 1967இல் நூலாக வந்தன. எழுதுவதற்குப் பத்து நிமிடம் போன்ற ஒரு செயற்கையான எல்லை வேண்டும் என்பது அவர் ஆசிரியர்களுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று. ஏன் எல்லை? முதல் இரண்டு மூன்று வரிகளில் பிள்ளை மாதிரிக் கட்டுரையின் வசனங்களை எழுதும். அந்தச் சரக்கு விரைவில் தீர்ந்துவிடும். பேனையை நிறுத்தக்கூடாது என்பதும் விதியானதால், தன்னிடம் இருப்பதை எடுப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது வரியில்தான் பிள்ளையின் சொந்தக் குரல் கேட்கத் தொடங்கும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இனி, எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். எழுத்தாளரை எதற்காக வெளியிலிருந்து கூப்பிடுகிறோம்? அவருக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரியும், அதைச் சொல்லித்தரத்தான் என்று அதிபர் நினைக்கிறார். பெற்றோர் நினைக்கிறார்கள், பிள்ளைகளும் அப்படியே. சில வேளை வருகிற எழுத்தாளரும் அதையே நினைத்துக்கொண்டு வருகிறார். அவருக்குச் சில நுட்பங்கள் தெரியும்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்கு அவர் கொண்டுவருகிற பெரிய உதவி வேறு. நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் நாம் பஸ் காசு கொடுத்து வரவழைக்கிறோம்.

எப்படி என்று பார்ப்போம். வருகிறவர் யாழ்ப்பாணத்து எழுத்தாளர் என்று வைப்போம். கிணற்று நீரை நம்பி விவசாயம் செய்யும் ஊர், ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். மழை நாளில் வீட்டுக்குள் முதலில் மாறுவது எது என்று அவர் கேள்வி கொடுக்கிறார். குருவிட்டத் தோட்டத்து மாணவி ஒருத்தி எழுதி வாசிக்கிறாள்: "மழை இயற்கை அன்னையின் அருட்கொடை. மழை பெய்தால் மண் குளிர்கிறது, மக்கள் மனம் மகிழ்கிறது." பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடைக்கும். எழுத்தாளருக்கும் அதில் பிழை தெரியவில்லை, அவருடைய ஊரில் அது உண்மையும்கூட. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்:

"மழை வந்தா உங்கட வீட்டில எல்லாருக்கும் சந்தோஷம், என்ன?"

"இல்ல சேர். மழை பேஞ்சா அப்பாவுக்கு வேல இல்ல."

"ஏன் பிள்ளை?"

"பட்டை நனைஞ்சா பால் வெட்ட ஏலாது சேர். தண்ணியும் பாலும் ஒண்ணாச் சேந்து ஓடிரும்."

"வேலை இல்லை எண்டு அப்பாவுக்கு எப்ப தெரியும்?"

"நாலு மணிக்கு எழும்பி இஸ்தோப்புக்கு வந்து கைய வெளிய நீட்டிப் பாப்பாரு சேர்."

"பிறகு?"

"ஒண்ணும் பேசமாட்டாரு. திரும்பி வந்து ஒக்காந்துருவாரு. அம்மா சுடுற ரொட்டி அன்னிக்குக் கொஞ்சம் மெல்லிசா இருக்கும்."

எழுத்தாளர் அவளுக்கு ஒரு நுட்பமும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அதனால் கேட்டார். அவள் சொன்னாள். இப்போது சொன்னதையே எழுதுங்கள் என்று அவர் கொப்பியைக் காட்டுகிறார். இரண்டாம் தடவை அவள் வாசிக்கிறாள்: "விடிய நாலு மணிக்கு அப்பா இஸ்தோப்பில் நின்று இருட்டுக்குள் கையை நீட்டினார். உள்ளங்கை நனைந்தது. அன்றைக்கு அம்மா சுட்ட ரொட்டி மெல்லிசாக இருந்தது." வறுமை, துயரம், கூலி என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. பட்டை நனையாமல் மழைக்காப்பு கட்டாத றப்பர் மலையில் ஒரு மழை நாள் என்றால் என்ன என்பது மூன்று வரியில் வந்துவிட்டது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பகுதியில் அது எத்தனை காலைகள் என்பதைக் கேட்பவர் தாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே பிள்ளையைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆசிரியை கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார், அதற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. மழை நாளில் பால் வெட்டில்லை என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிய விஷயம். பிள்ளைக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும், பக்கத்துக் கதிரைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது யாருடைய கொப்பியிலும் ஏறுவதில்லை. எங்கள் தோட்டத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதன் காரணமும் இதுதான். தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து, அது எப்படி, பிறகு என்ன என்று கேட்கும்போதுதான், தன்னிடம் இவ்வளவு இருக்கிறதா என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவருகிறது.

நம் மலையக எழுத்திலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 'போர்ன் டு லேபர்' என்ற நூலை அவர் ஆங்கிலத்தில் எழுதினார், அது 1970இல் வெளிவந்தது. அதில் இருப்பவை தோட்டத்து மனிதர்களைப் பற்றிய சித்திரங்கள். அந்த மொழியில் வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு லயமும் தெரியாது, பெரட்டுக்களமும் தெரியாது. ஒன்றுமே தெரியாத வாசகரை முன்னால் வைத்து எழுதும்போது, ஒவ்வொன்றையும் கண் முன்னே கொண்டுவந்து நிறுத்தாமல் தப்ப முடியாது. அவர் மனதுக்குள் வைத்திருந்த அந்த வெளியாளைத்தான் பட்டறை உயிரோடு அழைத்து வந்து பிள்ளையின் எதிரில் உட்காரவைக்கிறது.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து வருகிற வெளியாளால் உபகாரம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் கஷ்டத்தைத்தான் எழுதுவார்கள் என்று அவர் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டால், கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கமே சாயும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எது வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அதையே எழுதிக் கொடுப்பார்கள். அருட்கொடைக் கட்டுரை போய்க் கண்ணீர்க் கட்டுரை வரும், இரண்டும் மாதிரிக் கட்டுரைதான். ஒருவனுக்குக் கிரிக்கெட் பற்றி எழுத ஆசை இருக்கலாம். ஒருத்திக்குப் பேய்க்கதை வரலாம். குருவிட்டவுக்குக் கிட்ட பட்டதொம்பலென குகையில் பல்லாயிரம் வருடங்களுக்கு முந்திய மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் குகை மனிதனைத் தன் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் குடிக்கவைக்க இன்னொருவன் ஆசைப்படலாம். தனக்குத் தெரியாது என்பது தெரிந்த எழுத்தாளர் இதையெல்லாம் அதே ஆவலோடு விசாரிப்பார்.

இனி, வட்டத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் பங்கு. வளர்ந்தவர்களின் பட்டறைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அவர் எழுத்தை அலசுவார்கள். அந்த மௌனம் எல்லோருக்கும் பொருந்துமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். மேத்யூ சலேசஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2021இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வட்டத்தில் இருப்பவர்களின் பழக்கவழக்கம்தான் எல்லோருக்கும் பொது என்ற நினைப்பு அந்த மௌனத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். பதினைந்து வயதுப் பிள்ளையை அப்படி வாயைக் கட்டி உட்காரவைப்பது நல்லதல்ல. முதலில் கேட்டவர்கள் தங்கள் கண்ணில் நின்றதைச் சொல்லட்டும், பிறகு விளங்காததைக் கேட்கட்டும். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்ற தீர்ப்பு மட்டும் வேண்டாம். தீர்ப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும், கேள்வி வந்தால் பக்கம் நீளும்.

அப்படியானால் போட்டிகள் வீணா? இல்லை. தமிழ்த்தினப் போட்டியில் பாடசாலை மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப்போன பிள்ளைகளுக்குச் சிறுகதை ஆக்கமும் கவிதை ஆக்கமும் பெரிய ஊக்கம். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் பரிசுபெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வீரகேசரி வெளியீடாக வந்தன. மலையகச் சிறுகதையின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். ஆனால் போட்டி முடிந்த எழுத்தை வாங்கி நிறுத்துப் பார்க்கிறது. பட்டறை முடியாத எழுத்தோடு உட்காருகிறது. இரண்டுக்கும் இடம் உண்டு, ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்கக்கூடாது. பட்டறை வைத்தோமே, வலயத்தில் எத்தனை பரிசு என்று கேட்கிற அதிபருக்கு இதைப் பக்குவமாகச் சொல்லிவைப்பது நல்லது.

ஒரே ஒரு சனிக்கிழமை போதுமா என்றும் கேட்கலாம். போதாது. கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் நாவலாசிரியர் ஷியாம் செல்வதுரை, தேசிய சமாதானப் பேரவையோடு சேர்ந்து 'ரைட் டு ரிக்கன்சைல்' என்ற எழுத்துத் திட்டத்தை இலங்கையில் நடத்தினார். அதில் பங்குபற்றியவர்கள் பாடசாலையைத் தாண்டியவர்கள், எழுத்தும் ஆங்கிலத்தில். ஆனாலும் அதன் அமைப்பில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சில நாள் ஒன்றாகத் தங்கிப் பயின்ற பிறகு, மாதக்கணக்கில் இணையம் வழியாக ஒருவர் எழுத்தை ஒருவர் வாசித்தார்கள், திருத்தினார்கள். கடைசியில் தொகுப்பு நூல் வந்தது, முதல் தொகுப்பு 2013இல். வந்தவர் கேட்கத் தொடங்கிய கேள்விகள் அவர் போன பிறகும் ஓயவில்லை.

குருவிட்டவில் அதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. வெளியாள் என்று சொல்ல யாழ்ப்பாணமோ கனடாவோ வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் றப்பர் மலையிலிருந்து வரும் பிள்ளை இருக்கிறது, பஸாரில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை இருக்கிறது, மாணிக்கக் குழி வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும் இருக்கலாம். மாணிக்கம் தேடி 'இல்லம்' என்ற சரளை மண்ணைக் கழுவும் நாளில் யார் யார் குழியடியில் நிற்பார்கள், ஏன் ஒருவரும் அங்கிருந்து நகரமாட்டார்கள் என்பது லயத்துப் பிள்ளைக்குத் தெரியாது. மாத முடிவில் கடையில் கடன் கொப்பியை யார் திறப்பது என்பது குழிக்காரர் பிள்ளைக்குத் தெரியாது. இவர்களைச் சோடி சேர்த்து, ஒருவர் பக்கத்தை மற்றவர் வாசித்து மூன்று கேள்வி எழுதவேண்டும் என்று விதி போட்டால் போதும். தமிழ்ப் பாட ஆசிரியை வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கலாம். சிவப்புப் பேனையை அந்தப் பாடவேளையில் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அவரும் வட்டத்தில் உட்காரலாம். எழுத்துப்பிழை திருத்த மற்ற நாட்கள் இருக்கின்றன.

இதனால் பிள்ளைகள் எல்லோரும் எழுத்தாளர் ஆவார்களா? மாட்டார்கள், ஆகவேண்டியதும் இல்லை. தன் பக்கத்தைத் தெரியாத ஒருவரின் கண்ணால் ஒரு தரம் வாசித்துப் பார்க்கப் பழகினால், நாளைக்கு வேலை விண்ணப்பம் எழுதும்போதும், ஆஸ்பத்திரியில் தாயின் வருத்தத்தை விளக்கும்போதும், தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதும்போதும் அது கைகொடுக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து அதிகம் தேவைப்படப்போவது இந்த இடங்களில்தான்.

ஆகவே அடுத்த முறை பாடசாலைக்கு ஓர் எழுத்தாளரை அழைக்கும்போது, என்ன தலைப்பில் பேசுவீர்கள் என்று கேட்கவேண்டாம். எங்கள் பிள்ளைகளிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னால், திகதியை உறுதி செய்துவிடலாம்.